பின்கதவு வாரம்

எங்கள் ஊரில் பஸ்ஸின் பின்கதவு வழியாக யாரும் இறங்குவதில்லை. கதவு என்னவோ இருக்கிறது, அதற்கு மேல் ஒரு பச்சை விளக்கும் எரிகிறது. ஆனாலும் கடைசி இருக்கையில் இருப்பவர்கூட மளிகைப் பைகளைத் தூக்கிக்கொண்டு, வழியில் உள்ள எல்லார் முழங்காலிலும் இடித்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே முன்னால் வந்து, டிரைவருக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். ஒரு காலத்தில் குன்றுக்குப் போகும் பஸ்களில் இறங்கும்போதுதான் காசு போட வேண்டும். பெட்டி டிரைவர் பக்கத்தில் இருந்தது. அந்த விதி போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. எங்கள் கால்களுக்குத்தான் அதை யாரும் சொல்லவில்லை. பின்கதவில் இறங்குகிறவன் திருடனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பக்கத்து மாநிலத்து ஒஹாயோக்காரனாக இருக்க வேண்டும் என்பாள் என் அம்மா.

நான் டோரீன் குஸ்மா. வயது ஐம்பத்தெட்டு. ஆற்றங்கரை ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்க்கிறேன். காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். வீடோ சிரில் குன்றின் உச்சியில். என்னிடம் கார் இல்லை, ஓட்டவும் தெரியாது, அதற்காக வெட்கப்பட்டதும் இல்லை. ஐந்து இருபதுக்கு 46-ஆம் நம்பர் வரும். வெர்னெல் கேடிஸ் அதை ஓட்டி வருவாள். காலையில் என்னைக் கீழே கொண்டுபோய் விடுவதும் அவள்தான், மாலையில் மேலே கொண்டுவந்து சேர்ப்பதும் அவள்தான். பத்தொன்பது வருஷமாக நான் தினமும் முதலில் பேசும் ஆள் அவள். என் கணவர் இறந்த பிறகு சில நாட்களில் நான் பேசிய ஒரே ஆளும் அவள்தான்.

ஜனவரி மாதம் பஸ் நிறுத்தக் கம்பத்தில் ஒரு மஞ்சள் தாள் தொங்கியது. ஜூன் மாதத்தோடு 46 நிற்கிறது என்று போட்டிருந்தது. மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்க்கில் இருப்பவர்கள் நகரப் பஸ்களுக்கு வருஷா வருஷம் தரும் பணத்தை இந்த வருஷம் பாதியாக வெட்டிவிட்டார்கள். மனிதர்களைவிட மாடுகள் அதிகமாக வாழும் ஏதோ ஒரு மாவட்டத்து உறுப்பினர் எழுந்து, காலியாக ஓடுகிற பஸ்ஸுக்கு எதற்குப் பணம் என்று கேட்டாராம். வந்து என் இடத்தில் ஒரு நாள் நின்று பார்க்கட்டும். உட்கார இடம் கிடைக்காது, அதனால்தான் நிற்கச் சொல்கிறேன்.

கிடைக்கும் பாதிப் பணத்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு. ஒரு மணி நேர ஓட்டத்துக்குச் சராசரியாக இருபது பேராவது ஏறும் பஸ்களுக்கு மட்டும்தான் அது. எங்கள் 46-இல் ஏறுவது பதினொரு பேர் என்று தாளில் இருந்தது.

அந்தத் தாளை நான் மூன்று தடவை படித்தேன். பஸ் போய்விட்டால் குன்றிலிருந்து இறங்க முந்நூற்றுப் பன்னிரண்டு படிகள், அதற்கப்புறம் பாலம். என் இடது முழங்கால் பத்துப் படிக்கே புலம்பும். ஒஹாயோவில், ஏக்ரனில் இருக்கும் என் அக்கா லொரெய்ன் அன்றைக்கே போன் செய்து, வீட்டை விற்றுவிட்டு இங்கே வந்துவிடு, பின் அறை காலியாகத்தான் இருக்கிறது என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் நான் பிறந்து வளர்ந்த குன்றை விட்டுவிட்டு, பின்கதவில் இறங்குகிற ஜனங்களோடு போய் வாழவேண்டும்.

பொதுமக்கள் கருத்துக் கூட்டம் நடந்தது. ஒருவருக்கு மூன்று நிமிஷம், முடிந்தால் சிவப்பு விளக்கு எரியும். என் மூன்று நிமிஷத்தையும் அந்தப் பதினொன்றைத் திட்டுவதிலேயே செலவழித்துவிட்டேன். எனக்கு அடுத்துப் பேசியவன் மிலன் ஹ்ரூஷ்கா. பக்கத்து வீட்டுக்காரன், ஓய்வுபெற்ற வெல்டர், இப்போதும் தினமும் ஐந்து இருபதுக்கு ஏறி ஆஸ்பத்திரி கேன்டீனில் காபி குடிக்கப் போகிறவன், பஸ்ஸில் எனக்கு நேர் எதிர் இருக்கையில் உட்கார்ந்து பதினைந்து வருஷமாக என்னோடு சண்டை போடுகிறவன். மைக்கைப் பிடித்ததும் அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அழகா இருக்கிறவங்களை மட்டும் எண்ணுனீங்களா? அப்படின்னா டோரீனைத் தவிர மத்தவங்களையாவது சேர்த்திருக்கணுமே."

மேடையில் இருந்தவர்களில் ஒருத்தி மட்டும் சிரித்தாள். போக்குவரத்து அலுவலகத்தில் எந்த பஸ் எந்தத் தெருவில் போகவேண்டும் என்று திட்டம் போடும் ஆர்டிஸ் விட்கோம் அவள். அடுத்த செவ்வாய்க்கிழமை, மஞ்சள் மழைக்கோட்டும் ஒரு நோட்டுமாக ஐந்து இருபது பஸ்ஸில் வந்து உட்கார்ந்திருந்தாள். காலை முழுக்க எங்களோடு மேலும் கீழும் போய்வந்தாள். அன்று எனக்கு ஓய்வு நாள், ஆனாலும் நானும் கூடவே சுற்றினேன். அவள் என்ன எழுதுகிறாள் என்று பார்க்காமல் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது.

கடைசியில் அவள் முன்கதவுக்கு மேலே இருந்த ஒரு சின்னக் கறுப்புக் கண்ணைக் காட்டினாள். ஏறுகிறவர்களை எண்ணுவது அதுதானாம்.

"ஏறுறவங்களும் இறங்குறவங்களும் இந்த ஒரே கதவுல கட்டிப்பிடிச்சுக்கிறீங்க. அதுக்கு யார் வராங்க, யார் போறாங்கன்னு புரியலை. குழம்பிப்போய் ரெண்டு பேரையும் விட்டுடுது. நான் கையால எண்ணிப் பார்த்தேன். பாதிப் பேர் கணக்கிலேயே வரலை."

வெர்னெல் ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கேட்டாள். "அப்போ இவங்க சொல்ற தேங்க்ஸ்தான் என் பஸ்ஸைத் தின்னுடுச்சா?"

ஆர்டிஸ் நோட்டை மூடிக்கொண்டு, ஆமாம் என்றாள்.

நல்லவள். அலுவலகத்தோடும் மாநிலத்தோடும் மல்லுக்கட்டி, மார்ச் இரண்டாவது வாரம் மறுபடியும் எண்ண ஏற்பாடு செய்துவிட்டாள். திங்கள் முதல் வெள்ளி வரை. எங்களுக்கு அவள் வைத்த வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான். அந்த ஐந்து நாளும் எல்லாரும் முன்கதவில் ஏறி, பின்கதவில் இறங்க வேண்டும். என்னவோ சிறுநீரகம் கேட்டது மாதிரி நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு சரி என்றோம்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் பின்கதவு திறந்தது. வருஷக்கணக்காகத் திறக்காத ரப்பர் அழுதுகொண்டே பிரிந்தது. வரிசையாக இறங்கி நடைபாதையில் நின்றோம். யாருக்கும் அங்கிருந்து நகர மனசு வரவில்லை. ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பியது போல இருந்தது. முதலில் உடைந்தவன் மிலன்தான். திடீரென்று முன்பக்கம் ஓடினான். திறந்திருந்த முன்கதவில் ஒரு காலை வைத்து, தலையை உள்ளே நீட்டி, தேங்க்ஸ் வெர்னெல் என்று கத்திவிட்டு இறங்கினான். அவ்வளவுதான். அவன் பின்னால் நர்ஸுகள், சமையல்காரர்கள், கடைசியாக நான். ஆளுக்கு ஒரு கால், ஆளுக்கு ஒரு தேங்க்ஸ். விதியையும் மீறவில்லை, மரியாதையும் குறையவில்லை என்று எங்களுக்கு ஒரே பெருமை. மூன்று நாளும் அப்படியே செய்தோம். மேலே இருந்த கறுப்புக் கண் எங்கள் நினைப்பிலேயே இல்லை.

புதன்கிழமை மாலை ஆர்டிஸ் பஸ்ஸில் ஏறியபோது முகம் மழைக்கோட்டின் நிறத்தில் இருந்தது.

"உங்க குன்றுல மொத்தம் எத்தனை பேர் இருக்கீங்களோ, அதைவிட அதிகமான பேர் மூணு நாள்ல ஏறியிருக்காங்க. படியில கால் வச்ச ஒவ்வொருத்தரையும் புது ஆளுன்னு எண்ணியிருக்கு. ஹாரிஸ்பர்க்ல இதை மோசடிங்கிறாங்க."

மூன்று நாள் கணக்கும் குப்பைக்குப் போய்விட்டது. மிச்சமுள்ள இரண்டு நாளின் சராசரிதான் இனி எங்கள் தலையெழுத்து. வெள்ளிக்கிழமை மாநிலத்திலிருந்து ஓர் ஆய்வாளரும் பஸ்ஸிலேயே உட்கார்ந்து பார்ப்பார். இருபது வரவில்லை என்றால் ஜூனுக்கு மேல் பஸ் இல்லை.

வெர்னெல் பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டு எழுந்து எங்கள் பக்கம் திரும்பினாள். "ரெண்டு நாளைக்கு எனக்கு யாரும் தேங்க்ஸ் சொல்லக் கூடாது. முன்னால வரக்கூடாது, கை ஆட்டக்கூடாது. வேண்டிய அளவுக்கு வாங்கி வச்சிருக்கேன், ரெண்டு நாள் பட்டினி கிடந்தா செத்துட மாட்டேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் உட்கார்ந்த பிறகு, நேராக இருந்த கண்ணாடியை நாலு தடவை நேராக்கினாள்.

வியாழக்கிழமை பஸ் சவ ஊர்வலம் போல ஓடியது. பின்கதவில் இறங்கி, தலையைக் குனிந்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தோம். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, ஒன்றைத் தவிர. எதிர் இருக்கையில் மிலன் இல்லை. இன்னும் பல இருக்கைகளும் காலி. மாலையில் ஆர்டிஸ் எண்ணைச் சொன்னாள், பதினெட்டு. அப்படியானால் வெள்ளிக்கிழமை இருபத்திரண்டு வர வேண்டும்.

நான் நேராக மிலன் வீட்டுக் கதவைத் தட்டினேன். காலை ஒரு வாளி வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை, ஏறினால் வாய் தவறித் தேங்க்ஸ் சொல்லிவிடுவேன், அதனால் படி இறங்கி நடந்தே போனேன் என்றான். வழியில் பார்த்தால், இதே பயத்தில் இன்னும் பதினைந்து பேர் அவனோடு படி இறங்கிக்கொண்டிருந்தார்களாம்.

"அட மடையா, நீ ஏறினாத்தானே உன்னை எண்ணுவாங்க?"

 முந்நூற்றுப் பன்னிரண்டு படியில் ஒரு படியில்கூட அது அவனுக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து லொரெய்னுக்குப் போன் செய்தேன். பின் அறைக்கு என்ன பெயிண்ட் அடிக்கட்டும், இளமஞ்சள் பிடிக்குமா என்று கேட்டாள். பிடிக்கும் என்று சொல்லிவிட்டு, போனை வைத்த பிறகு அழுதேன். மறைக்க ஒன்றுமில்லை, சத்தம் போட்டே அழுதேன்.

அரை மணி நேரத்தில் மிலன் வந்தான். கையில் அவன் வீட்டுச் சமையலறை நாற்காலி. உட்காரத்தான் கொண்டுவந்திருக்கிறான் என்று நினைத்தேன்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை டோரீன். மீன்."

எனக்கு உடனே பிடிபடவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில், வெள்ளிக்கிழமை தோறும் எங்கள் சர்ச்சுக்குக் கீழே உள்ள கூடத்தில் மீன் பொரிப்போம். உருளைக்கிழங்கு வைத்த பியரோகி கொழுக்கட்டைகளை நானே இருநூறு பிடிப்பேன். ஊர் முழுவதிலிருந்தும் நானூறு பேர் வருவார்கள். அத்தனை பேரும் காரில்தான் வருவார்கள்.

"கார் நிறுத்த இடமில்லைன்னா?" என்று கேட்டு நாற்காலியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினான்.

எங்கள் ஊரில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பனி கொட்டும்போது தன் வீட்டு முன் தெருவைச் சுரண்டிச் சுத்தம் செய்தவன், அது தன் காருக்கு என்று காட்ட அந்த இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டுப் போவான். அந்த நாற்காலியைத் தொட எவனும் பிறந்ததில்லை. போலீஸ்காரர் தொடமாட்டார், பாதிரியார் தொடமாட்டார். இரண்டு வாரமாகப் பனியே இல்லை என்று நான் சொன்னேன். நாற்காலிக்கு அது தெரியவா போகிறது என்றான் அவன்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, மதியமே பஸ்ஸில் மேலே வரும்போது குன்றையே எனக்கு அடையாளம் தெரியவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் நாற்காலிகள். சமையலறை நாற்காலி, தோட்டத்து நாற்காலி, குழந்தைக்குச் சோறு ஊட்டும் உயர நாற்காலி, பல் டாக்டரின் காத்திருப்பறையிலிருந்து நான்கு, சவ அடக்கம் செய்கிறவர் இரவலாகக் கொடுத்த அறுபது மடக்கு நாற்காலிகள். என் வீட்டு வாசலில், சீட் கிழிந்த என் நாற்காலியும் நின்றது. ரோந்து வந்த போலீஸ்காரர் வானத்தைப் பார்த்தார், பனி இல்லாத தரையைப் பார்த்தார், நாற்காலிகளைப் பார்த்தார். மெதுவாக வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். சர்ச் அலுவலகம் எல்லார் போனுக்கும் செய்தி அனுப்பியிருந்தது: கார்களை ஆற்றங்கரையில், மூடிய உருக்காலையின் மைதானத்தில் விடவும், பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு 46 வரும், மீன் சூடாக இருக்கும்.

மாநில ஆய்வாளர் லோவெல் ஸ்ட்ரங்க், வெர்னெலுக்குப் பின் இருக்கையில் மடியில் ஒரு கணினியோடு காலையிலிருந்தே உட்கார்ந்திருந்தார். சாம்பல் நிறக் கோட்டு, சாம்பல் நிற முகம். அவரிடம் நெருங்கவே பயமாக இருந்தது. நாலு மணிக்கு மைதானத்து நிறுத்தத்தில் எழுபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். இதை நேரில் பார்க்க வேண்டும் என்பதற்காக, பியரோகியை வேறு கைகளில் ஒப்படைத்துவிட்டு நான் கீழே வந்திருந்தேன். ஸ்ட்ரங்க் ஏறுகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு தடியான மனிதரை நிறுத்தி, ஏன் இன்றைக்கு பஸ்ஸில் வருகிறீர்கள் என்று கேட்டார். 

"மேல காரை விட இடமில்ல சார். ஆனா இது நல்லாத்தான் இருக்கு. மீனுக்கு ரெண்டு பீர் சேர்த்துக் குடிக்கலாம், பொண்டாட்டி ஒண்ணும் சொல்ல மாட்டா. அடுத்த வாரமும் இப்படித்தான் வரப்போறோம்."

ஸ்ட்ரங்க் அதை அப்படியே தட்டி எழுதிக்கொண்டார். பஸ் குன்றில் ஏறி, நாற்காலிகளுக்கு நடுவே ஊர்ந்தது. அவர் ஜன்னல் வழியே நெடுநேரம் பார்த்தார்.

"இந்த ஊர்க்காரங்களுக்கு வீட்டுக்குள்ள உட்கார இடமில்லையா?" என்று ஆர்டிஸைக் கேட்டார்.

அவள் எதிர் ஜன்னலில் கண்ணை வைத்துக்கொண்டு, எந்த நாற்காலி, நான் ஒன்றும் கவனிக்கவில்லையே என்றாள். அந்தப் பக்கமும் நாற்காலிகள்தான்.

எல்லாரும் முன்கதவில் ஏறினார்கள், பின்கதவில் இறங்கினார்கள். விஷயம் தெரியாத வெளியூர்க்காரர்களை மிலன் பஸ்ஸுக்குள் நின்று பின்பக்கம் விரட்டினான். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கண்ணாடியில் வெர்னெலின் முகம் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பின்கதவு மூடும்போது அவள் ஒரு விநாடி காத்திருந்தாள், பழக்கத்தில் எதையோ எதிர்பார்ப்பவள் மாதிரி. பிறகு கியரைப் போட்டாள். 

ஏழு மணிக்குக் கணக்கு முடிகிறது. அந்த நேரத்தில் நாங்கள் குன்றின் உச்சியில், சர்ச் வாசலில் நின்ற பஸ்ஸுக்குள், முப்பது பேர். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது, மீன் வாசனையும் வந்துகொண்டிருந்தது. ஸ்ட்ரங்க் கணினியில் எதையோ தட்டினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் தட்டினார். இப்படிப்பட்ட ஆட்களுக்கு அடுத்தவர் உயிர் போவது தெரிவதே இல்லை.

"இன்னைக்கு இருபத்தேழு. நேத்தோட சேர்த்துச் சராசரி இருபத்திரண்டரை" என்றார். அப்புறம், இந்த பஸ்ஸுக்கு மாநிலத்தின் பணம் உண்டு என்றும், தன் அறிக்கையில் ஆட்களைப் பற்றி மட்டும்தான் எழுதப்போவதாகவும், மரச்சாமான்களைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் தனக்கு உத்தரவு போடவில்லை என்றும் சொன்னார்.

பஸ்ஸுக்குள் எழுந்த கூச்சலில், சர்ச்சிலிருந்து மீன் கரண்டியோடு இரண்டு பேர் ஓடி வந்துவிட்டார்கள். மிலன் என்னைக் கட்டிப்பிடித்தான். பதினைந்து வருஷத்தில் முதல் தடவை. விட்டதும் இரண்டு பேரும் கோட்டைச் சரிசெய்துகொண்டோம்.

வெர்னெல் எண்ணும் கருவி நின்றுவிட்டதா என்று கேட்டாள். ஸ்ட்ரங்க் நின்றுவிட்டது என்றார். அவள் ஒரு பட்டனை அழுத்தினாள், பின்கதவு மூடிக்கொண்டது. எஞ்சினையும் அணைத்தாள். முன்கதவைத் திறந்து வைத்துவிட்டு, எங்கள் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"சரி. இப்போ சொல்லுங்க."

வரிசை நின்றது. ஒருவர்கூட அவசரப்படவில்லை. ஒவ்வொருவரும் அவள் முன் நின்று, இரண்டு நாள் பாக்கியையும் சேர்த்துச் சொன்னார்கள். மிலன் மூன்று தடவை சொன்னான், ஒன்று படிகளுக்காம். ஆர்டிஸ் பேச்சோடு பேச்சாக அவளைக் கட்டிப்பிடிக்கவும் செய்தாள். மாநில ஆய்வாளர், பழக்கதோஷத்தில் பின்கதவுப் பக்கம் போனவர், அது மூடியிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு வரிசையில் நின்றார். அவர் முறை வந்ததும், மிக்க நன்றி அம்மா என்று புத்தகத்தில் இருப்பது போலச் சொன்னார். நேராக மீன் சாப்பிடப் போனார்.

கடைசியில் நான். பத்தொன்பது வருஷமாகத் தினம் இரண்டு தடவை சொன்ன வார்த்தைதான். ஏக்ரனின் இளமஞ்சள் அறை ஞாபகம் வந்தது, ஐந்து இருபதின் இருட்டில் குன்றேறி வரும் இரண்டு விளக்குகள் ஞாபகம் வந்தன. வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. ஊரெல்லாம் பேசி அலுக்கும் என் வாய்.

வெர்னெல் கட்டியிருந்த கைகளைப் பிரித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடு டோரீன். இந்தத் தடவை நான் சொல்றேன். இத்தனை வருஷமா ஏறுனியே, தேங்க்ஸ்."

நான் முன்கதவில் இறங்கினேன். 46 பன்னிரண்டு நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது. அது வளைவில் திரும்பும் வரை நின்று பார்த்துவிட்டு, என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், லொரெய்னுக்குப் போன் செய்து, அந்த அறைக்கு உனக்குப் பிடித்த நிறத்தையே அடித்துக்கொள் என்று சொன்னேன்.